இராசநாயகம் தட்டிப் பார்த்த தூண்

இராசநாயகம் அங்கிள் இறந்த செய்தி வந்தபோது நான் சிட்னியில், பரமட்டாவில், ஒரு பாலத்தின் அத்திவாரத்துக்காகத் தோண்டிய குழிக்குள் நின்றுகொண்டிருந்தேன். குழியில் மழைத் தண்ணீர். பம்பு ஓடவில்லை. பம்பு கொண்டுவந்தவனோடு நான் கத்திக்கொண்டிருந்தேன். மேலே தகரக் கொட்டகையிலிருந்து ஒருவன் கையை ஆட்டி, மெல்பர்னிலிருந்து தொலைபேசி என்றான். ஏறிப் போனேன். பேசியவர் கென், எங்கள் மெல்பர்ன் அலுவலகத்தில் கட்டுமான மேற்பார்வையாளர்.

"ராஜ் செத்துட்டான்," என்றார். வேறு முன்னுரை எதுவும் இல்லை. எங்கள் அலுவலகத்து ஆஸ்திரேலியர்களுக்கு இராசநாயகம் என்ற பெயர் வாயில் நுழையாது. ராஜ் ஆக்கிவிட்டார்கள்.

காலையில் குளியலறையில் விழுந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டு கென் அழுதார். பெரிய உடம்பு, பெரிய குரல் உள்ள மனிதர். தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பக் குழிக்குள் இறங்கி, பம்புக்காரனோடு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தேன். மறுநாள்தான் விமானம் கிடைத்தது.

கிளேட்டன் மண்டபத்தில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்த உங்களில் பலர் அவரை என்னைவிட அதிக காலம் அறிந்தவர்கள். கோலாலம்பூரில் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் இருக்கிறீர்கள். அவருடைய மகளின் திருமணத்துக்குப் பந்தல் போட்டவர்கள் இருக்கிறீர்கள். ஆகவே அவருடைய நல்ல குணங்களைப் பட்டியல் போட நான் தேவையில்லை. இந்தத் தமிழ்ச் சங்க மலரில் நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. அன்று கென் பேசி முடித்ததும் நீங்கள் கைதட்டினீர்கள். அந்தப் பேச்சைத் தமிழில் உங்களுக்குச் சொன்னவன் நான். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது பாதி. மீதியை எழுதும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பள்ளிப் படிப்பு முடிந்ததும் மலாயாவுக்குப் போய், ரயில்வேயில் சேர்ந்தவர். தண்டவாளங்களையும் சிறு பாலங்களையும் பரிசோதிக்கும் வேலை. ஓய்வு பெற்றபின், இங்கே மெல்பர்னில் டாக்டராக இருந்த மகளிடம் மனைவியோடு வந்தார். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், நான் வேலை செய்யும் பாலக் கட்டுமான அலுவலகத்தில் வரைபடம் வரையச் சேர்ந்தார். நான் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். இங்கே பொறியியல் படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன்.

முதல் நாளே முட்டிக்கொண்டோம்.

"எந்த இடம் தம்பி?"

"பேராக்."

"பேராக்கில எந்த டவுன்?"

"டவுன் இல்ல அங்கிள். தோட்டம்."

"ஓ," என்றார்.

மலாயாவில் வளர்ந்தவர்களுக்கு அந்த "ஓ" தெரியும். அங்கே ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் இலங்கைத் தமிழர்கள் நாற்காலியில் இருந்தார்கள். தோட்டத்து ஆட்களான நாங்கள் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தோம். அவர்கள் பேச்சு முடியும் இடத்தில் இந்த "ஓ" வந்து நிற்கும். நான் சும்மா விடுகிற ஆள் இல்லை.

"ஏன் அங்கிள், தோட்டம்னா என்ன?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்கு வாய் கொஞ்சம் நீளம்."

"ஆமா."

"பரவாயில்லை. எனக்குக் காது கொஞ்சம் மந்தம்," என்றார். அதற்குப் பிறகு அவரோடு கோபமாக இருப்பது கஷ்டமாகிவிட்டது.

அவர் சிறந்த வரைஞர் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இல்லை. எழுத்து முத்து முத்தாக இருக்கும், அளவுகள் தப்பாக இருக்கும். ஒருமுறை கான்கிரீட்டுக்கு வெளியே இரும்புக் கம்பியைப் போட்டிருந்தார். தாளைக் கொண்டுபோய் அவர் மேசையில் போட்டேன். "இந்தக் கம்பி காத்துல நிக்குது அங்கிள்." அவர் குனிந்து நிதானமாகப் பார்த்தார். "காத்து வலுவா அடிச்சா நிக்கும்," என்றார். பிறகு அழித்து, சரியாக, அழகாக வரைந்தார். அவசரம் என்பது அவரிடம் இல்லை. எனக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே காலாட்டத் தோன்றும்.

வெள்ளிக்கிழமை மதியம் அலுவலகத்துக்காரர்கள் தெருமுனைப் பப்புக்குப் போவது வழக்கம். கென்தான் கூட்டிக்கொண்டு போவார். அவர் இளம் வயதில் ஆஸ்திரேலியப் படையில் சிங்கப்பூருக்குப் போனவர். அங்கே ஜப்பானியர்களிடம் பிடிபட்டு, சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர்கள் போட்ட ரயில் பாதையில் கைதியாக வேலை செய்தவர். மொத்தம் மூன்றரை வருடச் சிறை. இதைப் பற்றிப் பெரும்பாலும் பேசமாட்டார். ஒரே ஒரு கதையைத் தவிர. அந்தக் கதையைப் புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் சொல்வார். புதிதாக யாரும் வராவிட்டாலும் சொல்வார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என்னால் முடிந்த தமிழில் தருகிறேன்.

"ஒரு சின்ன மரப்பாலம். ஓடை மேலே. எங்க கும்பல்தான் தூண் நட்டது. மரத்தைக் காட்டுல இருந்து நாங்களே இழுத்து வரணும். ஒரு மரம் பார்த்தோம், மேலே பளபளன்னு இருக்கு, உள்ளே பூரா உளுத்துப் போச்சு. இதைத்தாண்டா தேடினோம்னு தூக்கிட்டு வந்தோம். யானை தூக்கற மரத்தை நாலு எலும்புக்கூடு சேர்ந்து, சிரிச்சுக்கிட்டே தூக்கினோம். வாழ்க்கையில நான் அவ்வளவு சந்தோஷமா வேலை செஞ்சதே இல்லை. அதைத் தண்ணிக்குள்ள நட்டு, மண்ணைப் பூசி, சல்யூட் அடிச்சோம். அப்புறம் எங்களை வேற முகாமுக்கு நடத்திக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பின்னாடி வந்த கும்பல் சொல்லுச்சு: ஒரு ரயில் அப்படியே ஓடைக்குள்ள. அரிசி, குண்டு, ஜப்பான்காரன் எல்லாம் போச்சு." இங்கே அவர் கிளாஸைத் தூக்குவார். மேசை முழுக்கத் தூக்கும். நானும் தூக்கியிருக்கிறேன்.

என் அப்பாவின் அண்ணன் அந்தச் சயாம் ரயிலுக்குப் போனவர். தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். திரும்பவில்லை. எந்த முகாம், என்ன வியாதி, ஒன்றும் தெரியாது. பெரியம்மா கடைசிவரை பொட்டை எடுக்கவில்லை. ஆகவே அந்தக் கதையில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதாக நினைத்து, கென்னைவிடச் சத்தமாகச் சிரித்தேன்.

இராசநாயகம் அங்கிள் எலுமிச்சைப் பானம் குடித்துக்கொண்டு இருப்பார். சிரிக்கமாட்டார். அவருக்கு ஆங்கில நகைச்சுவை பிடிபடவில்லை என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, கென் "அரிசி, குண்டு" என்ற இடத்துக்கு வந்தபோது, அங்கிள் ஒரு கேள்வி கேட்டார்.

"பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரம் இருந்ததா? கிளை எல்லாம் தேன்கூடு தொங்குகிற மரம்?"

கென்னின் கை அப்படியே நின்றது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தத் தூணைத் தட்டிப் பார்த்தவன் நான்," என்றார் அங்கிள்.

விஷயம் இதுதான். மலாயா ரயில்வே ஆட்களில் பலரை ஜப்பானியர்கள் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிளும் போனார். கைதிகள் நட்ட தூண்களைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்டு, மரம் நல்லதா உளுத்ததா என்று சொல்வது அவருடைய வேலை. நல்லது என்றால் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போடவேண்டும். அந்தத் தூணைத் தட்டினார். உள்ளே ஒன்றுமில்லை என்று சத்தமே சொல்லிவிட்டது. கோடு போட்டார்.

கென் எழுந்து மேசையைச் சுற்றி வந்து அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார். பப்பில் இருந்த எல்லோருக்கும் சொன்னார். "இவனும் நம்ம கும்பல். நான் நட்டேன், இவன் பாஸ் போட்டான். ஒருத்தரை ஒருத்தர் தெரியாமலேயே." அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் அங்கிளுக்கு முன்னால் எலுமிச்சைப் பானத்துக்குப் பதிலாக ஒரு பியர் வந்தது. அவர் மறுக்காமல் குடித்தார். முகத்தைச் சுளிக்காமல், மருந்து போல.

அந்த வருடம் ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி, போர்வீரர்கள் அணிவகுத்துப் போகும் நாளில், கென் எங்கள் இருவரையும் வரச் சொன்னார். செயின்ட் கில்டா சாலையில் மரத்தடியில் நின்றோம். அங்கிள் கோட்டுப் போட்டு, குடையோடு வந்திருந்தார். கென்னின் கூட்டம் வந்தது. பதக்கங்கள், தொப்பைகள், நொண்டல்கள். கென் வரிசையை விட்டு வந்து அங்கிளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார். "நீ வெளியே நிக்கிற ஆள் இல்லை, மேட்," என்றார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அங்கிள் அவர்களோடு நடந்தார். கால் சேரவில்லை. குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் துப்பாக்கி மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டார். நான் ஓரமாகக் கூடவே நடந்தேன், எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

கொஞ்ச தூரத்தில் அவர் வரிசையிலிருந்து விலகினார். கென் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கிள் புல்வெளிக்குள் போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று நான் பயந்து, பையிலிருந்த பிஸ்கட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"பிடிச்சு வீரனாக்கிப் போட்டாங்கள் தம்பி," என்றார்.

"நீங்க செஞ்சது வீரம்தானே அங்கிள்."

"நான் தட்டினது உண்மை. சத்தம் பிழை எண்டு தெரிஞ்சதும் உண்மை. கோடு போட்டதும் உண்மை. அதுக்குப் பிறகு நடந்ததை நான் அவனுக்குச் சொல்லேல்லை."

சாலையில் பேண்டு வாத்தியம் போய்க்கொண்டிருந்தது. அது தேயும்வரை காத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லுங்க."

"அந்தப் பாதையில ஆக்கள் எல்லாம் நடந்துதான் போறது. வெள்ளைக்காரக் கைதியும் நடை. தோட்டத்துச் சனமும் நடை. ரயில் எண்டால் அரிசி, குண்டு, ஜப்பான்காரன். மனிசரை ஏத்தினதை நான் கண்டதே இல்லை. அதை நினைச்சுத்தான் கோடு போட்டனான்." குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். "அந்த மழைக்கு ரோட்டு கரைஞ்சு போச்சு. நடக்க ஏலாது. வெறும் பெட்டியள் மேல் முகாமுக்குப் போகுது, உவங்களை ஏத்து எண்டு எவனோ சொல்லியிருக்கிறான். மலாயாத் தோட்டங்களில இருந்து வந்த சனம். பெண்டுகள், பிள்ளையள் எல்லாம். எங்கடை சனம்."

பிஸ்கட்டைத் திரும்பப் பைக்குள் போட்டேன். அவரே சொன்னார்.

"நான் அடுத்த முகாமில நிண்டனான். ஆள் வந்து கூப்பிட்டான். போய்ப் பாத்தால், பெட்டியள் ஓடைக்குள்ளை. தண்ணியில சட்டி பானை, துணி மூட்டை எல்லாம் மிதக்குது. ஒரு பொம்பிளை கரையில இருந்து ஒரு சட்டியைக் கழுவுறா. அவவுக்குக் காயம் ஒண்டும் இல்லை. கழுவுறா, கழுவுறா, விடுறாவே இல்லை. நான் கையைப் பிடிச்சன். 'சோறு ஆக்கணும் ஐயா' எண்டா."

"எத்தனை பேர் அங்கிள்?"

"எண்ண ஆர் விட்டது? பின்னேரமே திருத்த வேலை தொடங்கியாச்சு. புதுத் தூண் வந்துது. அதையும் நான்தான் தட்டிப் பாத்தன்." பிறகு சொன்னார்: "அது நல்ல மரம்."

நான் எழுந்து பெஞ்சைச் சுற்றி நடந்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன். அவர் கேட்டார், "உன்ரை பெரியப்பா எந்தத் தோட்டத்தாலை போனவர்?" சொன்னேன். தலையை ஆட்டினார். "தெரியாது தம்பி. ஆரிட்டையும் நான் தோட்டத்தின்ரை பேர் கேக்கேல்லை."

இங்கே என் தொழிலிலிருந்து ஒரு வார்த்தை. பாலம் கணக்கிடுகிறவன் முதலில் ஒன்றை அனுமானிக்கவேண்டும்: இதன்மேல் எது போகும் என்று. அந்த அனுமானம் தப்பினால் அதற்குப் பின் வரும் கணக்கெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. கென்னும் அங்கிளும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே அனுமானத்தில் வேலை செய்திருக்கிறார்கள். தாங்கள் எல்லோரும் நடந்தே போனதால், எல்லோரும் நடந்தே போவார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். அதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் நானும் கோடு போட்டிருப்பேன். ஆனால் தப்பு என்று தெரிந்தபின் அதை மறைத்து வைப்பது எனக்கு ஏற்றதில்லை. அங்கேயே சொன்னேன்.

"கென்கிட்ட சொல்லணும் அங்கிள்."

"ஏன்?"

"ஏனா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் அந்த ரயிலுக்குக் கிளாஸ் தூக்குறார். எங்க ஆளுங்க சாவுக்குத் தூக்குறார். நீங்களும் சேர்ந்து குடிக்கிறீங்க."

"எனக்குத் தெரியாதோ?"

"தெரிஞ்சுதானே குடிக்கிறீங்க."

அவர் முகம் சுருங்கியது. நான் நிறுத்தவில்லை. என்ன நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், செத்தவர்கள் தோட்டத்து ஆட்கள் என்பதாலா என்றுகூடக் கேட்டேன். அவர் அதற்குக் கோபப்படவில்லை. "மூண்டரை வருசம் அவனுக்கு அடியும் பசியும் பேதியும்," என்றார். "அந்த மூண்டரை வருசத்தில அவன் வெண்ட இடம் எண்டு அது ஒண்டுதான் கிடக்கு. அதையும் புடுங்கி எடுத்து நான் என்னத்தைக் காணப்போறன்?"

"உண்மையை."

"உண்மை எனக்குத் தெரியும்தானே. காணாதோ?"

"போதாது," என்றேன்.

சில வாரங்கள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. வரைபடங்கள் மட்டும் மேசைக்கு மேசை போய் வந்தன. வெள்ளிக்கிழமைகளில் நான் பப்புக்குப் போவதை நிறுத்தினேன். ஜன்னலில் நின்று பார்த்தால் கென்னும் அவரும் தெருவைக் கடப்பது தெரியும். கென் கையை வீசிக்கொண்டு ஏதோ சொல்வார். அங்கிள் தலையை ஆட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு பரமேஸ்வரி அன்ரி, அங்கிளின் மனைவி, என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. நாங்கள் சண்டை என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. குசினியில் தோசை சுட்டுக்கொண்டே சொன்னார்: "வெள்ளிக்கிழமை எண்டால் இவர் முந்தி ஒரு சாப்பாடும் வாயில வைக்கமாட்டார். பகல் முழுக்க விரதம். இப்ப பியர் மணத்தோட வாறார். ஏன் இந்த வயசில எண்டு கேட்டன். 'இதுகும் விரதம்தான்' எண்டுறார். உனக்கு ஏதும் விளங்குதோ?"

எனக்கு விளங்கியது. சொல்லவில்லை. இன்னொரு தோசை கேட்டேன்.

திரும்பும்போது அங்கிள் கார்வரை வந்தார். வெயில் இன்னும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு மேலாக அவர் பேசவேண்டியிருந்தது.

"நீ சொல்லாமல் இருக்கமாட்டாய். எனக்குத் தெரியும். உன்ரை வாய் அப்படி."

"ஆமா."

"நான் உயிரோட இருக்கேக்கை சொல்லாத. எனக்கு அவன்ரை முகத்தைப் பாக்க ஏலாது. செத்தாப் பிறகு சொல்லு. ஆனா ஒண்டு. முதல்ல என்ரை கையைச் சொல்லு. பிறகு அவன்ரை மரத்தைச் சொல்லு. மாத்திச் சொல்லிப்போடாத."

"இப்பவே சொன்னா என்ன?" என்றேன்.

"உன்னோட கதைச்சுக் களைச்சுப்போனன்," என்று சொல்லிவிட்டு, கார்க் கதவை அவரே சாத்தினார். அது எங்கள் கடைசிச் சண்டை அல்ல. அதற்குப் பிறகும் கம்பிகள், அளவுகள், கிரிக்கெட், இலங்கை அரசியல் என்று எத்தனையோ சண்டைகள். இந்த ஒன்றை மட்டும் நாங்கள் மறுபடி எடுக்கவில்லை.

இனி நினைவுக் கூட்டம். கென் பேச விரும்பினார். வந்திருந்த வயதானவர்களுக்கு விளங்கவேண்டும், நீ தமிழில் சொல்லு என்றார். அவர் ஒரு வாக்கியம் சொல்ல நான் ஒரு வாக்கியம் சொன்னேன். நீங்கள் கேட்டீர்கள்: உளுத்த மரம், தேன்கூட்டு மரம், சுத்தியல், சுண்ணாம்புக் கோடு, ஓடைக்குள் போன ஜப்பானிய ரயில். கடைசியில் கென், "அவன் ஒரு துப்பாக்கியும் இல்லாமல் ஒரு ரயிலைக் கவிழ்த்தவன்," என்றார். நான் அதையும் சொன்னேன். கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் அம்மா, என்னைப் போல மலேசியாவிலிருந்து வந்தவர், வெளியே வந்து என் கையைப் பிடித்தார். "எங்க அப்பாவும் சயாமுக்குப் போனவர்தான் தம்பி. வரல. இப்படி ஒருத்தர் பழி வாங்கியிருக்காரேன்னு கேட்க மனசுக்கு ஆறுதலா இருக்கு," என்றார்.

அந்த அம்மா இதைப் படிப்பார். அவரிடம் நான் என்ன சொல்வேன்? அவருடைய தந்தை அந்தப் பெட்டிகளில் இருந்திருக்கலாம். என் பெரியப்பாவும் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அம்மா, உங்களுக்குக் கிடைத்த ஆறுதலை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் தந்தை நடந்து, இழுத்து, காய்ச்சலில் கிடந்த அந்த இடத்தில் நம் ஆட்கள் எப்படிச் செத்தார்கள் என்பதில் ஒரு துண்டாவது தெரிந்திருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். வெற்றிக் கதை ஒன்றுக்கு அடியில் அவர்கள் கிடக்கக்கூடாது.

சங்க மலருக்கு நான் எழுதப்போவதைக் கென் கேள்விப்பட்டார். "எழுதி முடிச்சதும் எனக்கு ஆங்கிலத்தில் வாசிச்சுக் காட்டு," என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பத்தியை விட்டுத் தாண்டி வாசித்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. அங்கிளாக இருந்தால் தாண்டியிருப்பார்.

முதலில் அன்ரியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். "அதுதான் விரதமோ," என்றார். பிறகு, "எழுது. ஆனா கென்னுக்கு முதல்ல சொல்லு. பேப்பரில வந்து அறியவேண்டாம்," என்றார்.

கென் கிரான்பர்னில் இருக்கிறார். குதிரை ஓட்ட மைதானத்தைத் தாண்டி, வேலி போட்ட கொஞ்சம் நிலம், இரண்டு கிழட்டுக் குதிரைகள். சனிக்கிழமை மதியம் போனேன். சமையலறை மேசையில் உட்கார வைத்தார். இதுவரை நீங்கள் படித்ததை, ஒன்றும் விடாமல், அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அங்கிள் சொன்ன ஒழுங்கில்தான்: முதலில் சுத்தியல் பிடித்த கை, பிறகு மரம். சட்டி கழுவிய பெண் வந்ததும் கென் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். எழுந்து கதவருகே போய் நின்றார். "படி," என்றார், திரும்பாமலே. படித்து முடித்தேன்.

"நாங்க எல்லாரும் நடந்துதானே போனோம்," என்றார். "எல்லாரும் நடந்துதானே போனோம்."

அங்கிளும் இதையேதான் சொன்னார் என்றேன்.

திடீரென்று அவருக்குக் கோபம் வந்தது. அங்கிள் மேல். "எத்தனை பியர் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துல உட்கார்ந்து குடிச்சானே. ஒரு வார்த்தை? நான் என்ன குழந்தையா? எனக்கு எது தாங்கும் தாங்காதுன்னு முடிவு பண்ண அவன் யார்?" மேசையை அடித்தார். குவளை உருண்டது. இதற்காகத்தான் நான் அந்தப் பெஞ்சில் சண்டை போட்டேன். என் கட்சி ஜெயித்துவிட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது, இதைத்தான் பார்க்க ஏலாது என்று அங்கிள் சொன்னார் என்பது எனக்கு உறைத்தது. நான் சொன்னது சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். சரியாக இருந்தும் அந்தச் சமையலறையில் உட்காரமுடியவில்லை.

கென் குவளையை எடுத்து நிறுத்தினார்.

"அச்சடி. எல்லாத்தையும் அச்சடி. ஆனா வெறும் கென் வேண்டாம். ஊரில எத்தனையோ கென். என் முழுப் பெயரைப் போடு, படைப் பிரிவைப் போடு. அந்த மரத்தைத் தேடி எடுத்தது நான்தான். உங்க ஆளுங்களுக்குத் தெரியட்டும்."

சரி என்றேன். கைகொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, கென் என்று எழுதியிருந்த முதல் இடத்தில் முழுப் பெயரையும் எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். அந்தப் பெட்டிகளில் இருந்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட எங்களில் யாருக்கும் தெரியாது. இந்த ஒரு பெயர் மட்டும் முழுதாக நின்றால், நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளப்போவது அதைத்தான். அதை அடித்து நீக்கிவிட்டேன்.

தெரிந்ததை முழுதாகச் சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று நம்புகிறவன் நான். அதற்காக அந்த மனிதரோடு வாரக்கணக்கில் சண்டை போட்டவன். இன்று பெயருக்கு உரியவரே சொல்லச் சொன்ன ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இராசநாயகம் அங்கிளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். எனக்கு இது பிடிக்கவில்லை. வைத்திருக்கிறேன்.